பின்னால் இழுத்த நாற்காலி

என் மகள் துளசிக்குப் பதின்மூன்று வயது. பள்ளி வாசலைக் கண்டாலே கைகால் நடுங்கி வாந்தி எடுப்பாள். அவளை ஓர் இணையப் பள்ளியில் சேர்த்து, செலவை எங்கள் பகுதி நகராட்சியான கவுன்சில் ஏற்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். லண்டனின் பார்க்கிங் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், அதற்கான வீடியோ கூட்டத்துக்கு இருவரும் உட்கார்ந்தோம். விடுவதில்லை என்ற முடிவோடுதான் நான் இருந்தேன்.

"வீட்டிலேயே இருந்தால் தனிமையாக இருக்காதா?" என்று கவுன்சில் அதிகாரி ஆங்கிலத்தில் துளசியிடம் கேட்டார். வழக்கம்போல நானே பதில் சொல்லத் தொடங்கினேன். டாக்டரிடமும் உறவினரிடமும் அவளுக்காக எப்போதும் நான்தானே பேசுவேன்! மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தபோது துளசி என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான் சொல்லுறன்."

"உனக்கு ஏலுமோ பிள்ளை?"

"ஓம்."

நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, கேமராவில் தெரியாதபடி இருந்தேன்.

"அவ்வளவு பேர் இருந்த பள்ளியில்தான் நான் தனியாக இருந்தேன்" என்று துளசி ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "போன வாரம் இந்த இணைய வகுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு நாள் சேர்ந்தேன். அங்கே படிக்கும் ஒரு பெண் என் பெயரைக் கேட்டாள்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இத்தனை மாதமாக அவளுக்காகச் சண்டை பிடித்த நானும் இதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

முடிவு இன்னும் வரவில்லை. மறுத்தால் மேன்முறையீடு செய்வோம். அங்கேயும் துளசிதான் பேசுவாள். என் நாற்காலி பின்னால் இருக்கும்.