மொன்றியலில் அண்ணை ஓடிய தெரு

கடந்த செப்டெம்பரில் மொன்றியலுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அண்ணை ஒரு சினிமாவில் நடிக்கப் போகிறார் என்று அண்ணி தொலைபேசியில் சொன்னார். 1920களில் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குச் சாராயம் கடத்திய இரண்டு சகோதரர்களின் கதை. படப்பிடிப்பு பழைய துறைமுகப் பக்கம். அண்ணைக்குக் கப்பல் மாலுமி வேடம். வசனம் கிடையாது, ஒரு பெட்டியைச் சுமந்தால் போதும். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை.

"தம்பி, அதிலை சுடுற கட்டம் இருக்காம். கனடா டே வாணவெடிக்கே பேஸ்மென்ற்றுக்குள்ளை போய் இருக்கிற மனிசன். நான் சொன்னால் கேக்கிறாரில்லை. நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ."

மறுநாளே டொரொன்டோவில் ரயில் ஏறினேன். ஏறக்குறைய 540 கிலோமீற்றர், ஐந்தரை மணி நேரம். கடைசி நேரத்தில் பதிந்ததால் ஒரு வழிக்கு 130 டொலர் போயிற்று. நீங்கள் முன்கூட்டியே பதிந்தால் பாதிக்குக் கிடைக்கலாம். இடப்பக்கம் இருந்தவர்களுக்கு வழியோரத்துப் பெரிய ஏரி தெரியவில்லை, எனக்கு வலப்பக்க ஜன்னல். ஆனால் நான் அதில் இருந்ததே குறைவு. பாதி வழியிலுள்ள கிங்ஸ்டன் வருவதற்குள் நாலு தடவை எழும்பிப் பெட்டிக்குப் பெட்டி நடந்துவிட்டேன். அண்ணையிடம் என்ன சொல்லி மறிப்பது என்று மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்தேன். சண்டைக் காலத்தில் ஊர்ச் சந்தியில் துப்பாக்கிச் சூடு நடந்த நாளன்று என்னைப் பிடித்து வாய்க்காலுக்குள் தள்ளி, எனக்கு மேல் படுத்தவர் அவர். அவருக்கு நான் எப்படிப் புத்தி சொல்வது?

அண்ணையின் வீடு பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவரைப் பார்த்துத் திகைத்துப் போனேன். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருந்தார்.

"அவள் கூப்பிட்டவளோ?" என்றார்.

"ஓம். அண்ணை, இது உங்களுக்குத் தேவையோ?"

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஊரிலை எப்ப சுடுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்? இஞ்சை முன்னமே சொல்லுவாங்கள். மூண்டு, ரெண்டு, ஒண்டு எண்டு எண்ணிப்போட்டுத்தான் சுடுவாங்கள். நான் எந்தப் பக்கம் ஓடவேணும் எண்டும் காட்டி விட்டிருக்கினம். ஒருக்கா அப்பிடி ஓடிப் பாக்கவேணும்."

"அப்ப நாளைக்கு நானும் வாறன்," என்றேன்.

அடுத்த நாள் காலை பார்க் மெட்ரோவில் ஏறி, ஜோன்-தலோனில் மாறி, பிளாஸ்-தார்மில் இறங்கினோம். அரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து ஆற்றை நோக்கி இறக்கத்தில் பத்து நிமிட நடை. அண்ணை வேகமாக நடந்தார். நான் பின்னால் கிட்டத்தட்ட ஓடினேன்.

கல் பதித்த ஒரு தெருவை முழுதாகவே மாற்றியிருந்தார்கள். கடைப் பலகைகள் பழைய எழுத்தில். தெருவில் மண்ணும் வைக்கோலும் பரப்பியிருந்தது. உருண்டை விளக்கு வைத்த கறுப்புக் கார்கள் இரண்டு. அண்ணை உடை மாற்றி, தட்டைத் தொப்பியோடு வந்தபோது யாரோ ஒருவர் போலிருந்தார். வேடிக்கை பார்ப்பவர்களுக்கென்று ஒரு கம்பித் தடுப்பு. அதன் பின்னால் நின்றேன்.

உதவி இயக்குநர் ஒரு இளம் பெண். ஒலிபெருக்கியில் பிரெஞ்சில் எண்ணினார். த்ருவா, தூ, அன். சகோதரர்களாக நடித்தவர்கள் காருக்குப் பின்னால் குனிந்தார்கள். எதிர்க் கும்பல் சுட்டது.

அடுத்து எனக்குத் தெரிந்தது கன்னத்தில் குளிர்ந்த கல். நான் தரையில் குப்புறக் கிடந்தேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் கையையும் பிடித்து இழுத்து விழுத்தியிருக்கிறேன். வெடிச் சத்தம் நின்றபோது யாரோ தடுப்பைத் தாண்டிக் குதிக்கும் சத்தம். அண்ணை. இடப்பக்கம் ஓடவேண்டியவர் பெட்டியை எறிந்துவிட்டு நேரே என்னிடம் ஓடி வந்திருந்தார்.

"தம்பி! ஒண்டுமில்லையடா, பொய்வெடி. என்னைப் பார். பொய்வெடி."

அவர் கை என் முதுகில் இருந்தது. மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

படப்பிடிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். விழுந்த அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே, பரவாயில்லை என்றார். உதவி இயக்குநர் கோபமாகத்தான் வந்தார். "செ மோன் ஃப்ரேர்," என்றார் அண்ணை. என் தம்பி. பிறகு தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எங்கள் நாட்டுச் சண்டையைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. நான் வேண்டுமானால் தூரத்து கஃபேயில் இருக்கலாம் என்றார்.

"நீ போ. நான் முடிச்சிட்டு வாறன்," என்றார் அண்ணை.

"நான் இதிலை நிக்கிறன்."

அந்தப் பெண் தன் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். ஒலிபெருக்கி எண்ணியபோது அவரும் என் முகத்துக்கு முன்னால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். சுட்டார்கள். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை பெட்டியைப் போட்டுவிட்டு, காட்டிய பக்கமே ஓடி, மூலையில் திரும்பி மறைந்தார். என்ன வேகம்!

இனிப் போகிறவர்களுக்கு. பழைய மொன்றியலில் படப்பிடிப்பென்றால் சில தெருக்களை மூடிவிடுவார்கள், கம்பங்களில் அறிவித்தல் கட்டியிருக்கும். காரை விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள். கல் தெரு, காலுக்கு நல்ல சப்பாத்து வேண்டும். செப்டெம்பரிலேயே ஆற்றங்காற்று குளிரும். எங்களைப் போல் சண்டை நடந்த இடங்களிலிருந்து வந்தவராக இருந்தால், தடுப்பில் நிற்கும் ஆட்களிடம் எப்போது சுடுவார்கள் என்று கேட்டு வையுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் கேட்டிருக்கவேண்டும். அண்ணைக்குக் காவலாகப் போனேன் என்ற நினைப்பில் என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை.

டொரொன்டோ திரும்பி ஒரு கிழமையில் அண்ணை கூப்பிட்டார்.

"திரும்ப வரச் சொல்லி இருக்கினமடா. இந்த முறை வெடிபட்டுச் சாகவேணுமாம். காசும் கூடவாம்."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஓடுறதெண்டால் வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."