இறுக மூடிய டப்பா

போன ஐப்பசியில், சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில் நடந்தது. முப்பது வருஷம் மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த என் கணவரின் நெஞ்சு, மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசரை நம்பித்தான் ஓடுகிறது. மருந்து ஊற்றும் கிண்ணம், முகத்தில் மாட்டும் மாஸ்க்; தினம் மூன்று வேளை. ஒவ்வொரு வேளையும் அலசி, உடனே டப்பாவில் போட்டு இறுக மூடிவிடுவேன். எதிர் ஷெட்டில் மெத்தை தைக்கும் பாய் பஞ்சு அடிக்கிறார். அது மிதந்து மிதந்து வந்து ஜன்னல் கம்பி, தண்ணீர்க் குடம், என் கண்ணிமை என்று எல்லாவற்றிலும் உட்காரும்.

இருந்தும் அவருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை காய்ச்சல், சளி, ஆஸ்பத்திரி பெஞ்ச். தூக்கமில்லாத கண்ணோடு ஒரு காலையில் ஷெட்டுக்குப் போய்க் கத்தினேன்.

“உங்க பஞ்சுதானுங்க எங்க ஊட்டுக்காரரக் கொல்லுது!”

பாய் எழுந்து போய்ப் பஞ்சடிக்கும் மெஷினை நிறுத்திவிட்டார்.

பஞ்சு நின்றது. பத்தாம் நாள் மறுபடி காய்ச்சல். இந்த முறை மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. வார்டில் நர்ஸ், நான் கையோடு கொண்டுபோயிருந்த டப்பாவைத் திறந்தார்.

“ஏனுங்கக்கா, உள்ள விரல உட்டுப் பாருங்க.”

பார்வைக்குப் பளிச்சென்றிருந்த கிண்ணம், பாசி பிடித்த தொட்டி போல விரலுக்கு வழவழத்தது.

“மூணு வேளையும் அலசறேனுங்களே!”

“அலசுனாப் போகாதுங்க. கிருமி பிளாஸ்டிக்கப் புடிச்சுட்டு, மேல போர்வையப் போத்திப் படுத்துக்கும். சோப்புப் போட்டுக் கழுவோணும், சுடுதண்ணில போடோணும், நல்லாக் காயோணும். ஈரத்தோட மூடுனா நீங்களே அதுக்கு ஊடு கட்டிக் குடுத்த மாதிரி.”

புதுக் கிண்ணம் வாங்கினோம். ஒரு வாரத்தில் அவர் தேறினார். வீடு திரும்பியதும் பையைக்கூட இறக்காமல் ஷெட்டுக்குப் போனேன். மெஷின் மேல் இன்னும் சாக்கு மூடியிருந்தது.

“அண்ணன் எப்புடி இருக்காருங்க?” என்றார் பாய், நான் வாய் திறக்கும் முன்பே.

எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் மேலிருந்த சாக்கை இழுத்துப் போட்டுவிட்டு, “அட போங்கம்மணி, கிருமி வாடகையில்லாம உங்க ஊட்டுக்குள்ளயே குடியிருந்துருக்குது. நீங்க என்னையக் காலி பண்ணச் சொன்னீங்க!” என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது கிண்ணம் ஜன்னலோரம் வெள்ளைத் துணியில் கவிழ்ந்து காய்கிறது. எதிரே மெஷின் ஓடுகிறது. தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோகிறது. ஆனால் யார் மேலாவது கோபம் பொங்கும்போது, அந்த வழவழப்பு என் விரல் நுனிக்குத் திரும்பி வந்துவிடுகிறது.