நந்தி வீட்டுப் பந்தக்கால்

கல்கத்தாவில் சித்பூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி நின்றது நந்தி வீடு. கம்பெனி காலத்தில் உப்பு வியாபாரத்தில் கொழுத்த ஒருவர் கட்டியது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அடங்காத தூண்கள், பெல்ஜியம் கண்ணாடி, துர்கா பூஜைக்கென்றே முற்றத்தில் ஒரு மண்டபம். பேரன்கள் காலத்தில் மிஞ்சியது வீடும் வழக்கும்தான். மேற்குப் பாதியில் பெரிய பாபு ஹரநாத், கிழக்குப் பாதியில் தம்பி பூபதி. இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. பெண்டாட்டிகளும் பேசக்கூடாது என்று உத்தரவு. அக்கா தங்கை போலப் பழகிய அந்த இருவரும் மாடி ஜன்னல் சட்டங்களின் இடுக்கு வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதோடு சரி.

பின்கட்டில் குடியிருந்தாள் ஜகதாம்பாள். கணவர் மஹாதேவன் கப்பல் கம்பெனி குமாஸ்தா, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள். நந்தி வீட்டாருக்கு அவள் 'மத்ராஜி தீதி', மதராஸ் அக்கா. மகள் காமுவின் கல்யாணத்துக்கு முற்றத்தைத் தருவதாக அண்ணனும் தம்பியும் தனித்தனியே வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அன்று காலை மஹாதேவன் பந்தக்கால் நட்டார். முற்றம் முழுக்கக் கல் பாவியிருக்க, ஒரே இடத்தில் கல் பெயர்ந்து மண் தெரிந்தது. பகவான் செயல் என்று அங்கேயே மூங்கிலை நட்டு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அந்தக் கல்லைப் பெயர்த்தது பகவான் இல்லை, தீர்ப்புப்படி எல்லை அளந்துவிட்டுப் போன கோர்ட்டு அமீன். வீட்டை இரண்டாக்கும் சுவர் அந்த வழியாகத்தான் எழும்ப வேண்டும். குடியிருப்பவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மத்தியானம் பூபதி நான்கு தடிக்காரர்களோடு முற்றத்தில் இறங்கினார்.

"அண்ணன் எல்லைக் கம்பு நட்டிருக்கானா? அதுவும் என் பக்கம் ஒரு முழம் தள்ளி! பிடுங்குங்கடா!"

மேலே ஹரநாத்தின் தலை தெரிந்தது. கம்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தம்பி பிடுங்கச் சொன்ன பிறகு விட்டுக்கொடுப்பாரா? "தொட்டவன் கையை உடைங்கடா!" என்று கத்தினார். அவருடைய ஆட்களும் தடியோடு ஓடி வந்தார்கள்.

சத்தம் கேட்டு ஜகதாம்பாள் பின்கட்டு வாசலுக்கு வந்தாள். சம்பந்தி மறுநாள் மெட்ராஸ் மெயிலில் வந்து இறங்குகிறார். தும்மல் கேட்டாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிற மனிதர். நட்ட பந்தக்காலைப் பிடுங்கிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடுவார். அப்புறம் காமுவை யார் கட்டுவார்கள்?

ஓடிப்போய் மூங்கிலைக் கட்டிக்கொண்டாள். பாதி வங்காளமும் பாதித் தமிழுமாகக் கத்தினாள்.

"பாபு, இது எல்லைக் கம்பு இல்லே! என் பொண்ணு கல்யாணக் கால்! உங்க தாத்தா பூனைக்குக் கல்யாணம் பண்ணி ஊருக்கே சாப்பாடு போட்டாராமே. ஒரு பொண்ணுக்கு இந்த முற்றத்திலே இடம் இல்லையா?"

"நகரு, மத்ராஜி தீதி," என்றார் பூபதி. ஒரு தடி உயர்ந்தது.

அவள் மாடியைப் பார்த்து, இரண்டு பெண்டாட்டிகளையும் அண்ணி முறை சொல்லி அலறினாள். "பெரிய பௌதி! சின்ன பௌதி! நீங்களும் மஞ்சள் பூசிண்டு வந்தவாதானே! பார்த்துண்டா இருக்கேள்?"

ஜன்னல் சட்டங்கள் திறக்கவில்லை. உயர்ந்த தடியும் இறங்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மேற்கு ஜன்னலிலிருந்து மெல்லிசாக ஒரு குலவை கேட்டது. கல்யாண வீட்டில் வங்காளிப் பெண்கள் இடும் மங்கலக் குலவை. அடுத்த நொடி கிழக்கு ஜன்னலிலிருந்தும் எழுந்தது. இரண்டும் சேர்ந்து முற்றத்தை நிறைத்தன. குலவை ஒலிக்கும் இடத்தில் தடியை வீச எவனுக்குக் கை வரும்? ஆட்கள் எஜமானர்களைப் பார்த்தார்கள். எஜமானர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"கல்யாணம் முடிகிற வரைக்கும்தான்," என்று சொல்லிவிட்டுப் பூபதி உள்ளே போனார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நந்தி வீட்டு மருமகள்கள் இருவரும் கீழே இறங்கி வந்து, தோளோடு தோள் உரச உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எழுந்து போகும்போது மூத்தவள் ஜகதாம்பாளின் கையைப் பிடித்தாள். "அந்தக் கம்பை எடுத்துடாதே, தீதி," என்றாள். எதற்கும் அழாத ஜகதாம்பாள் அன்று அழுதுவிட்டாள்.

சம்பந்தி ஊருக்குக் கிளம்பிய மறுநாளே சுவர் எழுப்பச் செங்கல் வண்டி வந்து நின்றது.

"இனி எடுக்கலாமே?" என்றார் பூபதி.

ஜகதாம்பாள் தமிழ்ப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "பந்தக்காலைப் பிரிக்கவும் நாள் பார்க்கணும், பாபு. இந்த மாசம் ஒண்ணுமே சரியில்லை."

பூபதி மாடி ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். வண்டியைத் திரும்பிப் போகச் சொன்னார்.

அடுத்த மாதமும் அவளுக்கு நல்ல நாள் கிடைக்கவில்லை.