நடுங்காத பத்மாதேவி

இராஜரத்தினத்துக்குத் தன் மனைவி மீது பொறாமை. அவருடைய அழகோ ஆங்கிலமோ காரணமல்ல. பத்மாதேவிக்கு வியர்ப்பதில்லை, அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி, போர்க்காலம். கண்டியில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் 'யாழ்ப்பாணம்' என்பதைச் சிப்பாய் வாசித்து முடிப்பதற்குள், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கரான நம்மவரின் சட்டை நனைந்துவிடும், விரல்கள் தாளம் போடும். "ஏன் நடுங்குகிறாய்?" என்று ஓரத்து வாங்குப் பலகையில் இருத்திவிடுவார்கள். அடுத்த முறை பொலிசுக்குத்தான் என்று சொல்லியும் விட்டார்கள்.

பத்மாதேவியும் யாழ்ப்பாணம்தான். அட்டையை நீட்டுவார், வாங்குவார், போய்க்கொண்டேயிருப்பார்.

"உமக்கு மட்டும் எந்தச் சாமியப்பா துணை?"

"விசர்க் கதை. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுது."

மனைவி ரகசியமாக நேர்த்தி வைத்திருப்பதாக முடிவுகட்டிய இராஜரத்தினம், கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துத் தள்ளினார். தேங்காய் சிதறியது. நடுக்கம் சிதறவில்லை.

கடைசியில் டொக்டர் சுந்தரலிங்கத்திடம் போய், தன் நடுக்கத்தையும் மனைவியின் நடுங்காமையையும் சொன்னார்.

"மனிசி எங்கை படிப்பிக்கிறா, ஐசே?"

"ஹந்தானைத் தோட்டப் பள்ளிக்கூடத்திலை. பஸ் இல்லை, நடந்துதான் ஏறுறவ. பாவம்."

"பாவம் நீர்தான்! பயந்தால் உடம்பிலை அட்ரினலினும் கோர்ட்டிசோலும் பாயும். மலை ஏறினாலும் அதுகள்தான் பாயும். தினமும் ஏறுற உடம்பு அதுக்குப் பழகிப்போம். பிறகு சின்ன வெருட்டலுக்கு அவ்வளவாய்ச் சுரக்காது, சுரந்தாலும் கெதியா அடங்கும். நீர் ரெண்டு ஹோல்ட் தூரத்துக்கும் பஸ் ஏறுறவர்."

மலையையே மருந்தாக விழுங்கிவந்தவள் மீதா இத்தனை காலம் இரக்கப்பட்டோம்! எரிச்சல் தாங்காமல், மறுநாள் மனைவிக்கு முன்னதாக எழுந்து மலையேறினார். முதலில் மூச்சு வாங்கியது. மாதங்கள் போகப் போக, மூச்சிரைக்காமல் ஏறினார்.

ஒரு சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். சாவடியில் அட்டையை நீட்டினார். கை அசையவில்லை, சட்டை நனையவில்லை. பழகிய சிப்பாயின் முகம் மாறியது.

"இன்றைக்கு ஏன் நடுங்கவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டு, பையைக் கிளறினான். வாங்கைக் காட்டினான். பொலிஸ் ஜீப் பக்கம் திரும்பினான்.

"மாத்தயா," என்றார் பத்மாதேவி அதே சிங்களத்தில், "இப்போது இவர் வீட்டில் மட்டும்தான் நடுங்குகிறார். அதற்கு நான் பொறுப்பு."

சிப்பாய் சிரித்துவிட்டான். அட்டை திரும்பி வந்தது.

சந்தி தாண்டியதும் இராஜரத்தினம் பழைய பொறாமையோடு கேட்டார்.

"எப்பிடியப்பா பயமில்லாமல் அப்பிடிச் சொன்னனீர்?"

"நான் உங்களைவிடக் கனகாலமாய் ஏறுறன்."