சொல்லாமல் விட்ட மூன்றாவது வழி

ஒருவருக்காகப் படித்துச் சொல்பவர், அவர் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறாரா? ஓர் இணைய விளையாட்டு இந்தக் கேள்வியை என் முன் வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சமூகப்பணியில் பட்டம் பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தேக்கா சந்தை அருகே ஒரு தொண்டூழிய உதவி மேசையில் உட்கார்ந்து, வெளிநாட்டு ஊழியர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைத் தமிழில் சொல்லிவந்தேன். துவாஸ் தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்த ஒருவர் அப்படித்தான் அறிமுகமானார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளே என்னை அக்காவாக்கிவிட்டார். என் கைப்பேசியில் இருந்த மாய உலக விளையாட்டைப் பார்த்துவிட்டு, "இத நானும் ஆடுறேன்க்கா. அதுல வர்றவங்க இங்கிலீஷ்ல பேசுறதுதான் புரியாது. வாள் குடுத்தா வெட்டுவேன், அவ்ளோதான்," என்றார்.

அவரும் நானும் கணினித் துறையில் வேலை பார்க்கும் என் தம்பியும் ஒரு குழுவானோம். ஞாயிறு மதியம், தேக்கா உணவங்காடியில் மூன்று கோப்பை தே வாங்கி வைத்துக்கொண்டு ஆடுவோம். பாத்திரங்கள் பேசுவதை நான் தமிழில் சொல்வேன். கதை ஒரு முடிவைக் கேட்கும்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதையும் நானே சொல்வேன், மூவரும் வாக்களிப்போம், பெரும்பான்மை எதுவோ அதுவே எங்கள் முடிவு. இதில் தவறு நேர இடமிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தச் சமயத்தில் அவருடைய வேலை ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. நிறுவனத்தின் கடிதம் வந்ததும் நான்தான் படித்துச் சொல்வேன் என்று எங்களுக்குள் பேசாமலே முடிவாகியிருந்தது.

விளையாட்டில் நாங்கள் ஒரு நகரத்தை அடைந்திருந்தோம். அங்கே கொள்ளைநோய். நோயாளிகளை ஆற்றின் நடுவிலிருந்த தீவுக்கு அனுப்பிவிட்டு நகரம் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. ஒரு படகோட்டி மட்டும் தீவிலிருந்து தாய்மாரை ரகசியமாக அழைத்துவந்து பிள்ளைகளைப் பார்க்கவைத்தான். அவன் வழியாகவே நோய் திரும்பவும் நகருக்குள் நுழைந்தது. அவனைக் காவலரிடம் ஒப்படைக்கலாம், விட்டுவிடலாம். மூன்றாவதாகவும் ஒரு வழி இருந்தது: எங்களில் ஒருவர் துடுப்பை வாங்கிக்கொண்டு, தீவுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோகலாம். ஆனால் போகிறவர், கதை முடியும்வரை நகருக்குத் திரும்ப முடியாது.

அந்த மூன்றாவதை நான் சொல்லவில்லை. அவசரம் ஏதும் இருக்கவில்லை. ஓர் ஆள் குறைந்தால் குழு முன்னே போக முடியாது என்று கணக்குப் போட்டேன். முதல் இரண்டைச் சொல்லும்போதுகூட அவனை "நோயைப் பரப்புகிற படகுக்காரன்" என்றேன். அந்த அடைமொழி திரையில் இல்லை. தம்பியும் நானும் ஒப்படைக்க வாக்களித்தோம். அவர் விட்டுவிடச் சொன்னார். படகோட்டியைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த வாரம் நாங்கள் உள்ளே நுழைந்தபோது நகரம் நலமாக இருந்தது. தீவில் ஒரு விளக்கும் எரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் தன் கோப்பையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எங்க ரூம்ல ஒருத்தன் அதே கதைய ஆடியிருக்கான். மூணாவதா ஒண்ணு இருந்துச்சாம்ல?"

"இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"அத எடுத்தா ஒருத்தர் தீவுலயே மாட்டிக்கணும். யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் எடுத்திருப்பேன்."

தம்பி சமாதானம் செய்யப் பார்த்தான். "கேம்தானே லா, அண்ணே. வேற அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி ஆடிக்கலாம்."

"நீ ஆடு தம்பி. நான் ஆறு வருஷமா ஒரு தீவுலதான் மாட்டிக்கிட்டு இருக்கேன். எனக்குப் பழகிடுச்சு," என்று சிரித்தார். பிறகு பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். நிறுவனத்தின் கடிதம். புதன்கிழமைக்குள் பதில் தர வேண்டும். காலையில் என் மேசைக்கு அதை அவர் கொண்டுவரவில்லை.

"உங்ககிட்டதான் குடுக்கலாம்னு இருந்தேன்," என்றவர் உறையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "கோவம் இல்லக்கா. பயம்தான். நீங்க நல்லதுன்னு நெனச்சு எதையாவது விட்டுட்டா, எனக்கு எப்படித் தெரியும்?"

மன்னிப்புக் கேட்டேன். ஆங்கிலம் ஓரளவு படிக்கத் தெரிந்த அந்த அறைநண்பரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கட்டுமா என்றேன். அவர், பக்கத்துச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த நண்பரைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

கடிதத்தை வரிவரியாகப் படித்தேன். கிராஞ்சியிலுள்ள பட்டறைக்கு, சம்பளம் குறைந்த வேலைக்கு மாறலாம்; இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பலாம். திரும்புபவருக்கு விமானச் சீட்டை நிறுவனமே தரும் என்றது கடைசிப் பத்தி. வழக்கமாக அந்தப் பத்தியை இலேசாகத் தாண்டிப் போயிருப்பேன். குறைந்த சம்பளமானாலும் வேலையில் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். அன்று அதையும் படித்தேன். நண்பர் விரலால் தொடர்ந்து வந்து, "அப்படித்தான் போட்டிருக்கு," என்றார்.

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இருக்கச் சொல்லியிருப்பேன். அவர் ஊர் திரும்புவதாக எழுதச் சொன்னார். அவர் சொன்ன சொற்களிலேயே பதிலை எழுதினேன். அந்த முடிவு அவருக்கு நல்லதாக அமைந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இப்போதும் அந்த மேசையில் உட்காருகிறேன். தேவையற்றது என்று எனக்குத் தோன்றும் வரி உட்பட, கடிதத்தை முழுவதும் படிக்கிறேன். என் கருத்தை, கேட்டால் மட்டும் சொல்கிறேன்.