இருட்டுக்குள் விழித்த புளிக்கன்று

போன கிழமை எங்கள் ஊரான நீர்வேலியில் நின்றபோது, பொழுதுபடுகிற நேரத்தில் எனக்கு முருங்கையிலை வறை சாப்பிட ஆசை வந்துவிட்டது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவனின் ஆசைகள் நேரங்காலம் பார்ப்பதில்லை. பக்கத்து வளவில் மரம் நிற்கிறதே என்று போய் ஒரு கொப்புக் கேட்டேன். அந்த வீட்டு அக்கா கையை விரித்துவிட்டார்.

"பொழுதுபட்டிட்டுதெல்லே தம்பி. மரம் நித்திரை. காலமை வாங்கோ, ஆய்ஞ்சு தாறன்."

வறை போனால் போகட்டும். அந்த நித்திரை என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மரம் எப்போது படுக்கிறது, எழுப்புவது யார் என்று வாழ்நாள் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்த ஒரு மனிதர் எனக்கு அப்பாவாக வாய்த்திருந்தார்.

அப்பா பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பித்தவர். ஊரே வாழை வைத்து நாலு காசு பார்க்க, எங்கள் வளவில் பால்மாப் பேணிகளில் பொழுதுபட இலை மூடுகிற புளிக்கன்றும் தொட்டாற்சுருங்கியும் வரிசை கட்டி நிற்கும். யன்னல் கண்ணாடி முழுவதும் மைப்புள்ளி. பயற்றங்கொடியின் நுனி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணாடிக்கு இப்பால் நின்று குறித்த புள்ளிகள் அவை. அம்மா அதைத் துடைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை. பக்கத்துத் தோட்டங்களில் வாழைக்குலை வெட்ட வருகிறவர்கள், "மாஸ்ரர், உங்கடை பிள்ளையள் நேரத்துக்குப் படுத்திட்டினமோ?" என்று பகிடி விடுவார்கள். அப்பாவுக்குப் பகிடியே விளங்காது. "ஓம், ஆறேகாலுக்கு" என்று பதில் சொல்லுவார்.

நான் சண்டைக்காலத்தில் கனடாவுக்குப் போனவன். பேஸ்மென்ற் அறை, உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. அப்பாவின் கடிதத்தில் முதல் வரி சுகம் விசாரிக்கும், இரண்டாம் வரியில் புளிக்கன்று வந்துவிடும். அம்மா விளிம்பில் குறுக்காக, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று நெருக்கி எழுதியிருப்பார். நானும் மீன்குழம்புக்குக் கரைத்த புளியிலிருந்து கொட்டை எடுத்து, தயிர்ப் பேணியில் நட்டு வளர்த்தேன். இங்கே கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம், கன்றோ அதற்கு முன்பே இலையை மூடிவிடுகிறது என்று எழுதினேன். வேலையைப் பற்றியோ குளிரைப் பற்றியோ ஒரு சொல் எழுதவில்லை. எங்கள் இருவருக்கும் கதைக்கத் தெரிந்தது இது ஒன்றுதான், அதிலே எனக்குக் குறையும் இருக்கவில்லை.

ஒருநாள் வந்த கடிதத்தில் அப்பாவின் எழுத்து ஓட்டமாய் ஓடியிருந்தது. சாமான் அறையில் ஒரு கன்றை வைத்து, மேலே மண்பானை கவிழ்த்து, மூன்று நாள் இருட்டில் விட்டாராம். காலையில் பானையைத் தூக்கினால் இலை முழுவதும் விரிந்து நிற்கிறதாம். "சூரியன் சொல்லி அது எழும்பவில்லை. அதற்கே நேரம் தெரிகிறது" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். இது புத்தகங்களில் உள்ள சங்கதிதான், அவருக்கும் தெரியாமலா இருக்கும்? ஆனால் தன் கண்ணால் காணாததை அவர் நம்புகிற ஆளில்லை.

அடுத்த கடிதம் அரைப்பக்கம்கூட இல்லை. "முன்பு எழுதியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். உன்னுடைய அம்மா விளக்குக் காட்டியிருக்கிறா."

விளக்கு வைத்தால் வீட்டில் ஒரு மூலையையும் இருட்டில் விடக்கூடாது என்பது அம்மாவின் கொள்கை. பின்னேரம் கைவிளக்கோடு அறை அறையாகப் போவார். பானைக்குக் கீழே ஒரு உயிர் இருக்கிறதென்று தெரிந்தபின் அவரால் சும்மா இருக்க முடியுமா? நாள் தவறாமல் பானையைத் தூக்கி, கன்றுக்கும் விளக்கைக் காட்டியிருக்கிறார். அப்பாவின் மூன்று நாள் இருட்டு அதோடு பாழ். கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "நீ செய்து பார். அங்கே உனக்கு விளக்குக் காட்ட ஒருவரும் இல்லைத்தானே."

அந்த வரியை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேனோ! தயிர்ப் பேணியை மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியில் வைத்து, கதவு நீக்கலெல்லாம் துணியால் அடைத்தேன். மூன்றாம் நாள் வேலைக்குப் போகமுன் கதவைத் திறந்தேன். கன்று வெளிறித்தான் போயிருந்தது. ஆனால் அந்தக் கும்மிருட்டுக்குள்ளே இலையெல்லாம் விரிந்து, விடிந்தது தெரிந்து நின்றது. வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று அங்கேயே குந்தியிருந்து கடிதம் எழுதினேன்.

அது போய்ச் சேரவில்லை. அதற்குள் சண்டை நெருங்கி, எங்கள் ஊரோடு வலிகாமமே வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போய்விட்டது. அங்கே மீசாலையில் யாரோ கொடுத்த கொட்டிலில் அப்பா காய்ச்சலில் கிடந்து செத்துப்போனார். மாதக்கணக்காய்ச் சுற்றிய கடிதம் என்னிடமே திரும்பி வந்தது.

பிறகு அம்மாவை என்னிடம் கூப்பிட்டேன். வந்து கொஞ்ச நாளில், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, என் கன்று இருட்டில் திறந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அப்ப அவர் சொன்னது சரியே?"

"ஓம் அம்மா. ஒருதரும் விளக்குக் காட்டேல்லை. தானாத்தான் திறந்தது."

"காய்ச்சலுக்கையும் கேட்டவர், மகன்ரை கடிதம் வந்ததோ, கன்று திறந்ததாமோ எண்டு. எனக்கு என்ன தெரியும், நான் என்னத்தைச் சொல்ல?" அம்மா கீரையைத் தள்ளி வைத்தார். "அண்டைக்குப் பானையடி நிலத்திலை எண்ணெய்ச் சொட்டைக் கண்டிட்டு, நீரோ விளக்குக் கொண்டுவந்தது எண்டு கேட்டவர். நானில்லை எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனுசன் சந்தோசமாப் போயிருக்கும்."

 

இப்போது அம்மாவும் இல்லை. நீர்வேலி வளவில் பேணிகள் நின்ற இடத்தில் வேறு யாரோ வாழை வைத்திருக்கிறார்கள், நல்ல குலைகள். என் கைபேசியில் நாள் முழுவதும் சேதி வந்துகொண்டே இருக்கிறது. பதில் போடாவிட்டாலும் ஒருவரும் தேடமாட்டார்கள். மீசாலையில் ஒரு கொட்டிலில் கிடந்தபடி, நான் என்ன கண்டேன் என்று அறிவதற்காக ஒரு மனிதர் காத்திருந்தார். அப்படிக் காத்திருக்க எனக்கு இனி ஆளில்லை.