கொய்யாத் தோப்பில் உமரி

எங்கள் கொய்யாத் தோப்பில் எங்கே தண்ணீர் நிற்கும் என்பதைக் களையைப் பார்த்தே சொல்லிவிடலாம். வடக்குப்பட்டில் இருந்த அந்தத் தோப்பின் மேட்டுப் பக்கம் தும்பையும் குப்பைமேனியும் மண்டும், பள்ளத்தில் கோரை. பக்கத்தில் கம்பெனி மதில் எழும்பியதும் மழைநீர் போக வழியில்லாமல் கோரை மரத்தடி வரைக்கும் ஏறிவிட்டது. அதைப் பிடுங்கிப் பிடுங்கியே அம்மாவின் விரல்கள் காய்த்துப்போயின. ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடத்தில் கூடை வைத்துப் பழம் விற்பாள். அந்த மரங்கள்தான் அவளுக்கு எல்லாம்.

அப்பாவுக்குக் கார் கம்பெனியில் வேலை. ஓசி என்றால் உயிர். எங்கேயோ கட்டுமான வேலையில் மிஞ்சிய மண்ணை லாரிக்காரர் ஒருவர் சும்மாவே தருவதாகச் சொன்னதும், வாங்கிப் பள்ளத்தை மூடிவிட்டுப் பெரிய சாதனை செய்தவராக வந்து நின்றார். கோரை ஒழிந்தது. அம்மாகூட அவரை ஒரு வாரம் திட்டவில்லை.

அடுத்த கோடையில் அங்கே புதிதாக ஒரு செடி முளைத்தது. தடித்த, சின்னச் சின்ன இலைகள். கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரித்தது. அம்மா பிறந்தது மரக்காணத்தில், உப்பளத்துக்குப் பக்கத்தில். அந்த ஊர் உமரிக்கீரையைப் பற்றி அவள் பேசாத நாளில்லை. இதுதான் அது என்று எனக்குப் பட்டது. மடி நிறையப் பறித்துக்கொண்டு, பாராட்டு வாங்க ஓடினேன்.

அம்மா ஒரு தழையைக் கடித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இத எங்கடி புடுங்குன?"

"நம்ம தோப்புலதாம்மா. நெறைய கீது."

கீரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். மரத்தடியில் மண்டியிட்டு, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மண் தின்றதற்காக என்னை வெளுத்து வாங்கியவள் அவள்தான். நைட் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்த அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்த ஊரு மண்ணுய்யா இது? ஒரே உப்பு! மரம் தாங்குமா?"

"சும்மா குட்தான், கொட்டுனேன். எனக்கு இன்னா தெரியும்?"

அம்மா அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை.

ஏன் அழுகிறாள் என்பதை நானே கண்டுபிடித்தேன்: கீரையைப் பார்த்ததும் பிறந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பாவமாக இருந்தது. அவளுக்காக அந்த உமரிச் செடிகளுக்குத் தினமும் சாயங்காலம் தண்ணீர் ஊற்றினேன். நன்றாகத் தழைத்தன. தலைக்கு மேலே கொய்யா இலைகள் ஓரம் கருகி உதிர்ந்துகொண்டிருந்தன. வெயில் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.